முந்நூற்றைந்து

அட்டையில் அச்சடித்திருந்தது: முந்நூற்றைந்து கிலோமீற்றர்.
தலவாக்கலையிலிருந்து கட்டுநாயக்க நூற்றைம்பது,
திரும்பி வர நூற்றைம்பது.
மிச்சம் வரும் ஐந்தை நம்பித்தான்
லீசிங் காகிதத்தில் பதினோரு இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

மூன்று மாதம் டவுனுக்குள் ஓட்டம்.
கொட்டகலை, லிந்துலை, ஆஸ்பத்திரி, கோயில்,
ராத்திரி வீட்டுச் சுவரில் சொருகிவிட்டுத் தூக்கம்.
எண்ணைச் சோதிக்க வேண்டி வரவில்லை.

முதல் விமான நிலைய ஹயர்.
கினிகத்தேனை வளைவுகளில் கால் வைக்கவே இல்லை,
கார் தன் பாரத்தைத் தானே தின்று
எண்ணைக் கூட்டிக்கொண்டே இறங்கியது.
திரையைப் படம் பிடித்து
பெற்றோல் வேன் மோகனதாசுக்கு அனுப்பினேன்.
அவன் பார்த்தான், பதில் போடவில்லை.

குவைத்திலிருந்து ஜெசிந்தா வந்தாள்.
ஆறு வருசம், மூன்று பெட்டி,
துணி சுற்றிய டீவி ஒன்று.
திரை சொன்னது: நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
நாற்பத்தெட்டு மிச்சம் என்று
அவிசாவளை சார்ஜரைத் தாண்டிப் போனேன்.
அங்கே மூன்று பேர் வரிசையில் நின்றார்கள்.
கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

கார் பொய் சொல்லவில்லை.
இறங்கி வந்த பாதையை வைத்து
ஏறப் போகிற பாதையைக் கணக்குப் போட்டது.
கலியாணத்துக்கு முந்தி நானும் போட்ட கணக்குத்தான்.

கித்துல்கலையில் எண்பத்தெட்டு.
பிறகு மழை.
துடைப்பான், விளக்கு, கண்ணாடிப் புகை போக்கும் சூட்டுக் காற்று,
ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய்.
கினிகத்தேனையில் நாற்பத்தேழு.
ஒரு கிலோமீற்றர் ஏற மூன்று போனது.
சூட்டை அணைத்தேன். ஜெசிந்தா சால்வையால்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.
வட்டவளையில் எண்ணே இல்லை,
இரண்டு கோடு மட்டும்.

பக்கத்தில் சார்ஜர் எங்கே என்று திரையைத் தட்டினேன்.
உங்கள் இணைப்புப் பொதி முடிவடைந்துவிட்டது,
மாதம் நாலாயிரத்து இருநூறு ரூபா, என்றது.
காருக்குத் தெரியும்.
எங்கே நிற்கிறோம், எந்தச் சுவரில் மின்சாரம் இருக்கிறது,
எல்லாம் மேலேயிருந்து எதுவோ அதற்குச் சொல்கிறது.
எனக்குச் சொல்லத்தான் காசு.

"வாங்கிட்டீங்கதானே?" என்றாள்.
"வண்டியத்தான் வாங்கினேன்."
கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள்.
"எம் பாஸ்போட்டும் அப்படித்தான் அண்ணன்.
பேரு என்னுது. அலமாரி மேடத்துது."

பதினொன்றரைக்கு விற்றவனை எழுப்பினேன்.
"அது சோதனை அறையில எடுத்த அளவு, சேர்.
உருளை மேல ஓடும். காத்து இல்ல, ஏசி இல்ல,
இருபத்து மூணு பாகை."
அந்த அறையில்
வட்டவளை இல்லை.

டயர் ஒட்டும் ஹேமபால கதவைத் திறந்து
பல்பைக் கழற்றி வயர் இழுத்துத் தந்தார்.
மீற்றரைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார்.
மணிக்கு முந்நூறு. பிளேன்டீ சும்மா.

விடிய மூன்று மணிக்கு போன் அதிர்ந்தது.
உங்கள் காரின் சார்ஜ் நிலையை அறிய
இப்போதே புதுப்பியுங்கள்.
அப்போது நான் காரில் சாய்ந்து,
வயர் அளவுக்கு மேல் சுடுகிறதா என்று
கையால் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெசிந்தா டாஷ்போர்டிலிருந்து அந்த அட்டையை எடுத்தாள்.
பெட்டிகளில் பேர் எழுதிய மார்க்கர் கையில் இருந்தது.
முந்நூற்றைந்துக்குப் பக்கத்தில்
"இறங்க" என்று எழுதினாள்.
அதற்குக் கீழே "ஏற" என்று எழுதி
இடம் விட்டாள்.